அம்மாவின் நடையில் தொடங்குங்கள்: வயதான பெற்றோரோடு ஐரோப்பாவில் மூன்று ஊர், முழுமையான வழிகாட்டி

பெங்களூரிலிருந்து அம்மாவை இரண்டு முறை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய் வந்திருக்கிறேன். முதல் முறை அவருக்கு 68 வயது, அடுத்த முறை 72. நடுவில் அலுவலகத்திலும் எங்கள் அபார்ட்மென்ட்டிலும் சில குடும்பங்களுக்குத் திட்டம் போட உதவினேன். பெரும்பாலும் எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். விலை குறைவாக இருக்கிறதென்று விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அப்பாவின் முழங்கால் நினைவுக்கு வருவது கடைசியில்தான்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்னால் தொடங்கி, கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முதலில் நடையை அளந்துகொள்ளுங்கள்

"எவ்வளவு தூரம்மா நடப்பே?" என்று கேட்டால் சரியான பதில் வராது. "எனக்கென்னடா, நல்லாத்தான் நடக்கிறேன்" என்பார்கள். பிள்ளை ஆசையாகக் கூப்பிடுகிறான், நம்மால் தடங்கல் வரக்கூடாது என்ற எண்ணம்தான் காரணம். அதனால் கேட்காதீர்கள், கூடவே நடந்து பாருங்கள்.

நான் மூன்று காலை அம்மாவை அல்சூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டேன்: எத்தனை நிமிடத்தில் அவர் கண் உட்கார இடம் தேடுகிறது, எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் மறுபடி எழுகிறார், எத்தனை படி ஏறி இறங்க முடிகிறது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை தேவை. அம்மாவுக்கு 25 நிமிட நடை, 10 நிமிட ஓய்வு. படி ஏறுவதை விட இறங்குவதுதான் அவருக்குச் சிரமம் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. அதுவரை ஒரே வீட்டில் இருந்தும் கவனித்ததில்லை.

ஒரே மூச்சில் நடக்கும் நேரத்தைப் போல நான்கு மடங்கு, அதுவே ஒரு நாளின் மொத்த நடை. இது என் கணக்கு. 25 நிமிடம் என்றால் நாளுக்கு 100 நிமிடம். ஏர்போர்ட், அருங்காட்சியகம், ஹோட்டலிலிருந்து பஸ் நிறுத்தம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இதே வாரத்தில் குடும்ப டாக்டரையும் பார்த்துவிடுங்கள். பத்து மணி நேர விமானப் பயணம் சரிப்படுமா, உயரமான மலைக்குப் போகலாமா, மாத்திரை நேரங்களை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். மலை பற்றிய பதில் தெரியாமல் ஊர்களைத் தேர்ந்தெடுக்க முடியாது.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்று. நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல் தொடக்கத்திலேயே கிளம்பினால் குளிர் பழகாத உடம்புக்குக் கஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் அதிகம், வெயிலும் அதிகம். பாரிஸின் பழைய ஹோட்டல்கள் பலவற்றில் ஏசி கிடையாது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பாதி நாள் அறைக்குள் போய்விடும்.

ஜூனில் பாரிஸில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மதியம் தூங்கி எழுந்தாலும் இன்னொரு முழு மாலை கையில் இருக்கிறது. வயதானவர்களோடு போகும்போது இது பெரிய வசதி.

3. மூன்று ஊருக்கு மேல் வேண்டாம்

பதின்மூன்று இரவு, மூன்று ஊர். ஒவ்வொரு ஊர் மாற்றமும் ஒரு நாளைத் தின்றுவிடும்: பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, ரயில், புது அறைக்குக் காத்திருப்பது, புதுக் குளியலறையில் குழாயைப் புரிந்துகொள்வது. நமக்கு அது இரண்டு மணி நேர வேலை. அம்மாவுக்கு மறுநாள் காலை வரை அசதி.

ஊர்களை இணைக்க எனக்கு இரண்டு விதிகள். ஊருக்கு ஊர் ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது. முடிந்தவரை நடுவில் ரயில் மாறக்கூடாது.

இரண்டாம் பயணத்தில் பாரிஸ் 5 இரவு, பிரஸ்ஸல்ஸ் 3, ஆம்ஸ்டர்டாம் 5 என்று போட்டேன். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் சுமார் இரண்டு மணி நேரம். பிரஸ்ஸல்ஸில் சில ஏற்றங்கள் உண்டு. மற்றபடி சமதளமான ஊர்கள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் இரண்டுக்கும் பெங்களூரிலிருந்து நேரடி விமானம் உண்டு என்பதால் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறலாம். இறங்கிய ஊருக்கே திரும்பி வர ஒரு நாளை வீணாக்க வேண்டியதில்லை.

சுவிட்சர்லாந்து பார்க்காமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பாரிஸிலிருந்து பாசெல் மூன்று மணி நேரம், அங்கே ஒருமுறை மாறினால் லூசர்ன் ஒரு மணி நேரம். லூசர்னில் ஐந்து இரவு தங்குங்கள். மலை வேண்டுமென்றால் ரிகி போதும். ஏரியில் படகு, அப்புறம் பற்சக்கர ரயில், உச்சி 1,798 மீட்டர். ஊட்டி இதை விட உயரம், அதனால் மூச்சு பற்றிய கவலை குறைவு. எல்லோரும் சொல்லும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர். ஊட்டியை விட 1,200 மீட்டர் மேலே. இதயக் கோளாறோ, ரத்த அழுத்தமோ உள்ளவர்களை டாக்டரைக் கேட்காமல் அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

வெனிஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பாலத்துக்குப் பாலம் படிதான். இறங்குவதற்குச் சிரமப்படுபவர்களுக்கு அந்த ஊரை நான் சொல்வதில்லை.

4. பாஸ்போர்ட்டில் பெயரைப் பாருங்கள்

தமிழ்க் குடும்பங்களுக்கு இது தனிப் படி. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம், இனிஷியல் விரிக்கப்பட்டிருக்கலாம், விரிக்கப்படாமலும் இருக்கலாம். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாயின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உறவைக் காட்ட அதுவே நல்ல ஆதாரம். ஆனால் அங்கே உள்ள எழுத்துகளும் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டிலும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தது. என்னுடையதைத் திருத்தி வாங்கிய பிறகுதான் விசாவைத் தொட்டேன்.

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

5. அறையைப் பிடியுங்கள்: லிஃப்ட், குளியலறை, படி

விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் தேவை. அதனால் அறை முதலில், ஆனால் பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடிய அறையாக.

முதல் பயணத்தில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்தேன். 'லிஃப்ட் உண்டு' என்று போட்டிருந்தார்கள், உண்மைதான். ஆனால் தெருக்கதவிலிருந்து லிஃப்ட் வரை பதினோரு படி. அம்மா ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினார். இரண்டே நாளில் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். காரணம் கேட்டால் "அசதியா இருக்குடா" என்றார். படிதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது மூன்றாம் நாள்தான்.

அதற்குப் பிறகு முன்பதிவுக்கு முன் தங்குமிடத்துக்குக் கடிதம் எழுதி மூன்று கேள்வி கேட்கிறேன். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி? குளியல் தொட்டியா, தரையோடு இருக்கும் ஷவரா? படுக்கையிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி? தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும். ஈரக் காலோடு அதைத் தாண்டுவது வழுக்கி விழ நேரான வழி. பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோரப் பழைய வீடுகளில் படிக்கட்டு ஏணி மாதிரி நிற்கும், படம் அழகாக இருக்கிறதென்று ஏமாற வேண்டாம்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு வெளியே மலிவாகத் தங்கி தினமும் ரயிலேறுவதை விட, ஒரு இரவு குறைத்து நடு ஊரில் தங்குவது மேல். மதியம் அறைக்கு வந்து படுக்க முடியும்.

6. இன்சூரன்ஸ், அப்புறம் விசா

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அந்தக் குறைந்தபட்சத் தொகை விசாவுக்குத்தான் போதும். எழுபதைத் தாண்டியவருக்குக் கூடுதல் தொகைக்கு எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பகுதியை வரி விடாமல் படியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள்; மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் பணம் வராது.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? அதிக இரவு தங்கும் நாட்டுக்கு. சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. பாரிஸ் 5, ஆம்ஸ்டர்டாம் 5 என்றால் முதலில் இறங்குவது பாரிஸ், ஆகவே பிரான்ஸ். அப்பாயிண்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதென்று வேறு நாட்டுக்குப் போடாதீர்கள், நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை. கோடைக்கு முன் பெங்களூரில் அப்பாயிண்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் நான் மூன்று மாதம் முன்னால் போகிறேன். கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

அம்மாவுக்கு வருமானம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதம், உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம், உறவுக்கு ஆதாரம் இவை போதுமான அளவில் இருக்கட்டும். குடும்ப பென்ஷன் இருந்தால் அந்தப் பாஸ்புக்கையும் சேர்த்துவிடுங்கள். திரும்பி வர அவருக்கு இங்கே காரணம் இருக்கிறது என்று அது காட்டும்.

விசா மையத்தில் எடுக்கும் கைரேகை பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல்கள். கருவியில் அம்மாவின் ரேகை மூன்று முறை பதியவில்லை. அவர் முகம் வாடிவிட்டது, தன் மேல் ஏதோ குற்றம் என்பது போலக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்த பெண் பொறுமையாக ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்து எடுத்தார். நிறையப் பெரியவர்களுக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

7. விமான டிக்கெட்

விசா கைக்கு வந்த பிறகு, அல்லது பணம் திரும்பும் டிக்கெட்டாக. நேரடி விமானத்துக்குக் கொஞ்சம் அதிகம் கொடுங்கள். நடு ஏர்போர்ட்டில் நள்ளிரவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது, ஒரு நாள் ஓய்வால் தீரும் களைப்பு அல்ல.

டிக்கெட் வாங்கிய அன்றே மூன்று வேலை. கழிவறைக்கு அருகில், நடைபாதையோர இருக்கை பிடியுங்கள். சைவமென்றால் 'ஏஷியன் வெஜிடேரியன்' சாப்பாடு என்று பதியுங்கள்; 'இந்து மீல்' என்று போட்டால் அதில் இறைச்சி வரலாம். மூன்றாவது வீல்சேர்.

வீல்சேர் என்றதும் அம்மா மறுத்தார். "நான் என்ன நோயாளியா?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஏர்போர்ட் வரைபடத்தைக் காட்டினேன்: நுழைவாயிலிலிருந்து கேட் வரை நடப்பது அன்றைய 100 நிமிடத்தில் பாதியைச் சாப்பிட்டுவிடும். மீதி நடையை பாரிஸுக்கு வைத்துக்கொள்ளலாமா என்றேன். சரி என்றார்.

வீல்சேரிலும் வகை உண்டு. நீண்ட தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார் என்பது ஒன்று. படியும் ஏற முடியாது என்பது இன்னொன்று. இருக்கை வரை தூக்கிவிட வேண்டும் என்பது மூன்றாவது. முதலாவதைப் போட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து விமானப் படிக்கட்டின் முன் திகைத்து நின்ற குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இந்த உதவி இலவசம், 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். ரயில் நிலையங்களிலும் 24 மணி நேரம் முன்னால் சொன்னால் ஏற்றி இறக்கிவிடுவார்கள். இது நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

ஐரோப்பாவில் இறங்கியதும் முதல் முறை எல்லையில் முகப்படத்தைப் பதிவார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த ஏற்பாடு இது. வரிசை நீளும் என்பதால் இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் எந்த ரயிலையும் பிடிக்காதீர்கள்.

8. பெட்டி: எடுத்துப் போகக்கூடாதவை முதலில்

நெய், பால்கோவா, நெய் வழியும் மைசூர்பாகு, பால் பவுடர் எதையும் எடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழமும் கூடாது.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் பாக்கெட்டுகள், சின்ன எலெக்ட்ரிக் கெட்டில் இவை போதும். ஹோட்டல் அறையில் குக்கர் வைக்காதீர்கள், புகைக்கு அலாரம் அடிக்கும். நம் இரண்டு முள் பிளக் பெரும்பாலும் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

மாத்திரைகள் எல்லாம் கைப்பையில், பயண நாளுக்கு மேல் ஐந்து நாளுக்குக் கூடுதலாக. டாக்டர் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும். நம் ஊர் பிராண்டு பெயர் அங்குள்ள மருந்துக்கடைக்குப் புரியாது, 'டெல்மிசார்டான் 40' என்றால் புரியும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள், உறைந்து கெட்டுவிடலாம்.

ஷூவை ஒரு மாதம் முன்னால் வாங்கி ஏரிக்கரையிலேயே பழக்குங்கள். புடவை கட்டுபவர்களுக்கு உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், காலுறை, கயிறு இல்லாமல் ஒட்டும் ஷூ. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டச் சொல்லுங்கள். எஸ்கலேட்டரில் ஓரம் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் மக். அங்கே கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. சின்ன விஷயம்தான், ஆனால் இது இல்லாமல் பெரியவர்கள் படும் பாட்டை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

9. அங்கே போனபின்: ஒரு நாளைக்கு ஒன்று

காலையில் ஒரு இடம், மதியம் சாப்பிட்டு அறையில் தூக்கம், மாலையில் சும்மா ஒரு பூங்காவோ படகோ. அவ்வளவுதான்.

கோடையில் பாரிஸ் நம்மை விட மூன்றரை மணி நேரம் பின்னால். காலை ஐந்து மணிக்கு எழும் அம்மா அங்கே ஒன்றரை மணிக்கே எழுந்துவிடுவார். முதல் மூன்று நாள் இதை எதிர்த்துப் போராடாமல், எட்டரை மணிக்குள் வெளியே கிளம்பி, கூட்டம் வருமுன் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பாரிஸில் மெட்ரோவை விட பஸ்ஸைப் பழகுங்கள். பெரும்பாலான மெட்ரோ நிலையங்களில் படிதான், பஸ்ஸில் தாழ்ந்த தளம். 69-ஆம் எண் பஸ் ஐஃபில் கோபுரத்தின் அருகிலிருந்து லூவ்ர் அருங்காட்சியகம் வழியாகப் பாஸ்டில் பக்கம் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தே பாதி பாரிஸைப் பார்க்கலாம். லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உள்ளே வீல்சேர் இலவசமாகத் தருகிறார்கள். வீல்சேரில் இருப்பவர்கள் ஐஃபில் கோபுரத்தின் இரண்டாம் தளம் வரை போகலாம், உச்சிக்கு அனுமதி இல்லை.

ஐந்து நாளில் ஒரு மாலையை லா ஷப்பேலுக்கு ஒதுக்குங்கள். பிரஸ்ஸல்ஸ் ரயில் கிளம்பும் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில், ஈழத் தமிழர்களின் கடைகள் நிறைந்த பகுதி. மாணிக்க விநாயகர் கோயிலும் அங்கேதான். நான்கு நாளாகப் பேச ஆளில்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், ஒரு கடைக்காரர் "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இட்லியை விட அந்த 'இருங்கோ' அம்மாவுக்கு வயிற்றை நிறைத்தது. பயணத்தின் நடுவில், அலுப்பு தொடங்கும் நாளில் இதை வையுங்கள்.

"நீ போய்ப் பார்த்துட்டு வாடா, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்" என்று சொன்னால் அது விட்டுக்கொடுத்தல் மட்டும் அல்ல, வலி. அன்றைக்கு மீதியை ரத்து செய்துவிட்டு டாக்ஸி பிடியுங்கள். பட்ஜெட்டில் டாக்ஸிக்கென்று முன்பே ஒரு தொகை எடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் மனம் கணக்குப் பார்க்காது.

10. பிரிந்துவிட்டால், உடம்பு படுத்தினால்

அம்மாவின் கைப்பையில் ஒரு அட்டை: ஹோட்டல் பெயரும் முகவரியும் அந்த ஊர் மொழியில், என் எண், அவர் சாப்பிடும் மருந்துகள், இன்சூரன்ஸின் 24 மணி நேர எண். அவசரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. அவர் போனிலும் டேட்டா இருக்க வேண்டும். உங்கள் போனிலிருந்து பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால், பிரியும் நேரத்தில்தான் அது வேலை செய்யாது. கூட்டத்தில் தவறிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பது, தேடி வருவது நான். இதைக் கிளம்பும் முன் கப்பன் பார்க்கில் ஒருமுறை செய்தே பார்த்தோம்.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அவசரம் முடிந்ததும் அன்றே இன்சூரன்ஸ் எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். ரசீது ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

11. திரும்பி வந்தபின்

இரண்டு நாள் விருந்தினர் யாரையும் வீட்டுக்கு அழைக்காதீர்கள். மாத்திரை நேரத்தைப் பழையபடி மாற்றுங்கள். விசாவுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும், அதற்குள் அடுத்த விண்ணப்பம் போட்டால் பொதுவாக மறுபடி ரேகை எடுக்க வேண்டியதில்லை. அதனால் அம்மாவின் விசா எண்ணையும் ரேகை கொடுத்த தேதியையும் எழுதி, அந்த ஏரிக்கரை நோட்டிலேயே வைத்திருக்கிறேன்.